செய்முறை ஒன்பது: பூவைச் சுற்ற வைத்தல்

மரியசெல்விக்குப் பட்டம் கிடைக்காமல் போனதற்கு ஒரு பூதான் காரணம். தோட்டத்துப் பூ இல்லை. ஐந்து இதழும் நடுவில் ஒரு வட்டமுமாகக் கம்ப்யூட்டர் திரையில் வரைந்த பூ. வலப்பக்கமாகச் சுற்ற வேண்டிய அந்தப் பூ, தேர்வு நாளன்று இடப்பக்கமாகச் சுற்றிவிட்டது.

இதைக் கேட்டுச் சிரிக்கிறவர்கள் யாரும் ஞானவெளி பொறியியல் கல்லூரியில் படித்திருக்க மாட்டார்கள். திண்டுக்கல்லிலிருந்து வடமதுரை போகிற ரோட்டில், தக்காளிக் காட்டுக்கும் செங்கல் சூளைக்கும் நடுவே, கோயில் வாசல் கணக்காக ஒரு பெரிய வளைவு வைத்துக்கொண்டு நிற்கிறது அந்தக் கல்லூரி. வளைவுக்குப் பின்னால் கட்டடம் இருக்கிறதா என்று பஸ்ஸில் போகிறவர்களுக்குச் சந்தேகம் வரும். இருக்கிறது. அதன் இரண்டாம் மாடியில் கம்ப்யூட்டர் ஆய்வுக்கூடம். அங்கே நடக்க வேண்டிய ஒன்பதாவது செய்முறையைப் பல்கலைக்கழகம் இப்படி எழுதியிருந்தது: "சர்வரில் எழுதிய நிரலைக் கொண்டு, வலைப்பக்கத்திலுள்ள ஓர் உருவப்பொருளைக் கடிகார முள் திசையில் ஒரு முழுச் சுற்று சுற்ற வைத்தல். பொருள் சுற்றுவதைப் புறத்தேர்வாளர் நேரில் காண வேண்டும்."

அந்தக் காலத்து மென்பொருளுக்கு ஒரு குணம் உண்டு. கோணத்தை வெறும் எண்ணாகக் கொடுத்தால் உருவம் இடப்பக்கமாகச் சுற்றும். எண்ணுக்கு முன்னால் ஒரு கழித்தல் குறி போட்டால்தான் வலப்பக்கமாகச் சுற்றும். மரியசெல்வி பதற்றத்தில் அந்தக் குறியை விட்டுவிட்டாள். பூ நிதானமாக, அழகாக, தப்பான பக்கத்தில் ஒரு சுற்று வந்து நின்றது. குறியைப் போட்டு மறுபடி ஓட்டுகிறேன் என்று கெஞ்சிப் பார்த்தாள். அன்றைய தேர்வாளர், "சுத்துனது சுத்துனதுதாம்மா. திருப்பிச் சுத்தச் சொல்ல எனக்கு அதிகாரம் இல்ல," என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்.

மற்ற எல்லாத் தாளிலும் நல்ல மதிப்பெண். இந்த ஒன்றுதான் அரியர். அடுத்தடுத்த முறை எழுத வந்தபோது ஒரு தடவை தேர்வாளர் வரவில்லை, ஒரு தடவை கரண்ட் வரவில்லை. பிறகு அவளும் வரவில்லை. கொடைரோட்டில் கன்னியாஸ்திரிகள் நடத்தும் பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் டீச்சராகச் சேர்ந்துவிட்டாள். அந்த வேலையை அவளுக்கு ரொம்பப் பிடித்திருந்தது. பிள்ளைகள் அவள் பீரியடுக்கு மணி அடிக்கும் முன்பே வந்து வாசலில் நிற்கும். தலைமையாசிரியை சிஸ்டரும் ஒன்றும் கேட்காமல்தான் இருந்தார். இந்த வருஷம் கூப்பிட்டு, "செல்வி, வர்ற ஜூன்ல இருந்து டிகிரி சர்டிபிகேட் இல்லாதவங்களை வச்சுக்கக் கூடாதுன்னு சொல்லிட்டாங்கம்மா. எனக்கும் மனசு கேக்கல. எப்படியாச்சும் அந்த ஒண்ணை முடிச்சுரு," என்றார். அதே சமயம் பார்த்துப் பல்கலைக்கழகமும் பழைய அரியர்காரர்களுக்குக் கடைசி வாய்ப்பு என்று ஒரு அறிவிப்பு விட்டது. இதை விட்டால் வேலை போய்விடும். வேறு பள்ளிக்கூடமும் சேர்க்காது.

இதற்கிடையில் உலகத்தில் ஒரு காரியம் நடந்திருந்தது. சர்வர் செய்து அனுப்பும் அந்த அசையும் படத்தைத் திரையில் ஓட்டிக் காட்ட ஒரு பிளேயர் வேண்டும். அந்தப் பிளேயரை உலகம் முழுக்க நிறுத்திவிட்டார்கள். எந்த பிரவுசரிலும் அது ஓடாது. இப்போது ஒரு பூவைச் சுற்ற வைக்க சர்வர் வரைக்கும் போக வேண்டியதில்லை. பிரவுசருக்குள்ளேயே இரண்டு வரி எழுதினால் போதும். மரியசெல்வியிடம் படிக்கும் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் பூவையும் சுற்ற வைப்பார்கள், பக்கத்துப் பெஞ்சுப் பையன் போட்டோவையும் சுற்ற வைப்பார்கள்.

இதைச் சொல்லி ஒரு வழி கேட்கலாம் என்று அவள் கல்லூரி முதல்வரைப் பார்க்கப் போனாள். முதல்வர் முனைவர் பொன்னழகு கொதிகலன்களில் ஆராய்ச்சி செய்து பட்டம் பெற்றவர். கம்ப்யூட்டர் துறைக்கு ஆள் கிடைக்காததால் அதையும் அவரே பார்த்துக்கொண்டார்.

"பிளேயரை நிறுத்திட்டாங்கன்னா, யாரு நிறுத்துனது?" என்று கேட்டார்.

"அதைச் செஞ்ச கம்பெனியே நிறுத்திருச்சு சார்."

"நமக்கு லெட்டர் போட்டாங்களா?"

"உலகத்துக்கே சொன்னாங்க சார்."

"உலகம் வேற, நாம வேறம்மா. நாம பல்கலைக்கழகத்துக்குக் கட்டுப்பட்டவங்க. பல்கலைக்கழகத்துல இருந்து சர்க்குலர் வரலைன்னா, நம்மளப் பொறுத்தவரைக்கும் அது ஓடிக்கிட்டுத்தான் இருக்கு."

மரியசெல்வி இரண்டு வரி சமாச்சாரத்தைச் சொன்னாள். தன் போனிலேயே பூவைச் சுற்ற வைத்துக் காட்டினாள். முதல்வர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தார். முகம் கொஞ்சம் மலர்ந்தது. பிறகு பதவி ஞாபகம் வந்துவிட்டது.

"இது யாரு மெஷின்ல சுத்துது?"

"பாக்கிறவங்க மெஷின்லயே சுத்தும் சார்."

"பாத்தியா! அவன் வீட்டுல, அவன் கரண்டுல, அவன் இஷ்டத்துக்குச் சுத்தும். நமக்கு என்ன கட்டுப்பாடு? சர்வர்ல செஞ்சாத்தான் நம்ம பூ, நம்ம சுத்து. பாடத்திட்டம் எழுதுனவங்க ஒண்ணும் முட்டாளுங்க இல்லம்மா." அவர் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். "இந்தக் காலேஜ் ஆரம்பிச்ச நாள்ல இருந்து நாங்க ஒரு செய்முறையைக்கூட மாத்துனதில்ல. ஏன் தெரியுமா? மாத்துனா, எதுக்கு மாத்துனீங்கன்னு கேப்பான். மாத்தாம இருந்தா எவனும் ஒண்ணும் கேக்கமாட்டான். தரம், தரம்னு சொல்றாங்களே, அதுதாம்மா தரம்."

மரியசெல்வி கும்பிட்டுவிட்டு வெளியே வந்தாள். அவளுக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. எதை முதலில் விடுவது என்று தெரியாமல் மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

அடுத்தது ரெக்கார்டு. செய்முறைத் தேர்வுக்கு முன்னால் ரெக்கார்டு நோட்டில் எல்லாச் செய்முறையும் எழுதி, வந்த விடையைப் பிரிண்ட் எடுத்து ஒட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும். பூவை ஒட்டிக் கொடுத்தாள். "இது சுத்தலையே" என்று சிவப்பு மையில் எழுதித் திரும்பி வந்தது. பக்கத்தில் ஒரு அம்புக்குறி போட்டுக் கொடுத்தாள். "அம்பு பாடத்திட்டத்தில் இல்லை" என்று வந்தது. கடைசியில் வேறு வேறு சாய்வில் ஏகப்பட்ட பூக்களைப் பிரிண்ட் எடுத்து, பக்கம் தெரியாமல் ஒட்டிக் கொடுத்தாள். நோட்டு கனமாக இருந்ததால் கையெழுத்துக் கிடைத்தது.

ஆய்வுக்கூடத்துக்குப் பொறுப்பு ஆண்டிச்சாமி என்ற டெக்னீசியன். மரியசெல்வி படித்த காலத்திலிருந்தே இருக்கிறார். அவளைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டார்.

"ஏம்மா, இன்னும் அந்தப் பூவையே சுத்திக்கிட்டு இருக்கியா?"

"அது சுத்தமாட்டேங்குதுண்ணே. பிளேயர் உள்ள பழைய சிஸ்டம் எதுவும் இருக்கா?"

ஆண்டிச்சாமி அக்கம்பக்கம் பார்த்தார். இடுப்பிலிருந்து ஒரு சாவியை எடுத்து மூலையிலிருந்த இரும்பு அலமாரியைத் திறந்தார். உள்ளே ஒரு பழைய கம்ப்யூட்டர், காய்ந்துபோன மாலை போட்டு உட்கார்ந்திருந்தது.

"நெட்டைக் காட்டுனா தன்னால அப்டேட் ஆகி அந்தப் பிளேயரு போயிருமின்னு ஒரு ஆளு சொன்னான். அன்னைக்கே வயரைப் புடுங்கி உள்ள வச்சுப் பூட்டிட்டேன். இன்ஸ்பெக்சன்னா மட்டும் வெளிய எடுப்பேன். ஆனா ஒரு கொற இருக்கும்மா."

"என்னண்ணே?"

"ஆயுத பூசை. வருசா வருசம் எல்லாச் சிஸ்டத்துக்கும் சந்தனம் குங்குமம் வைப்போம்ல? முன்னாடி மட்டும் வச்சாப் பத்தாதுன்னு, பின்னாடி காத்துப் போற ஓட்டையிலயும் பயபக்தியா வச்சுப்புட்டாங்க. காத்தாடி இறுகிப்போச்சு. போட்டா செத்த நேரம் ஓடும். சூடாயிருச்சுன்னா அமந்துரும்."

"சந்தனத்தைச் சுரண்டிரலாமேண்ணே?"

"சாமிக்கு வச்ச சந்தனத்தை ஆரு சுரண்டுறது? நான் மாட்டேன்த்தா. அப்புறம், இருப்புல இருக்கிற சாமானைக் கழட்டணும்னா கமிட்டி கூடணும். கமிட்டியில இருந்த மூணு பேருல ரெண்டு பேரு ரிட்டையர் ஆயிட்டாக. மிச்சம் பிரின்சிபால்தான். தனியா எப்படிக் கூடுவாரு?"

தேர்வு நாள் வந்தது. அந்தச் செய்முறைத் தேர்வு எழுத வந்தவள் மரியசெல்வி ஒருத்திதான். ஆனால் பல்கலைக்கழக விதியில் ஒருத்தி என்ற கணக்கே கிடையாது. அணி என்றால் முப்பது பேர். ஆகையால் முப்பது பேருக்கு உண்டான ஏற்பாடும் நடந்தது. முப்பது நாற்காலி, ஒவ்வொன்றுக்கும் இடைவெளி, வாசலில் இருக்கை வரைபடம். வருகை எடுக்கும்போது இல்லாத பேரின் எண்ணையெல்லாம் ஒவ்வொன்றாகக் கூப்பிட்டு, ஒவ்வொன்றுக்கும் கொஞ்சம் காத்திருந்து, "வரலை" என்று எழுதினார்கள். அவள் முறை வந்தபோது "உள்ளேன் சார்" என்றாள். முதல்வர் நிமிர்ந்து பார்த்துச் சந்தோஷப்பட்டார்.

புறத்தேர்வாளர் பேராசிரியர் ஈஸ்வரன் வெளியூரிலிருந்து வந்திருந்தார். நல்ல மனிதர். கையெழுத்து என்றால் மட்டும் பயம். அவருக்கு மத்தியானம் எந்தக் கடைப் பிரியாணி என்பதை முடிவு செய்யக் காலையிலேயே ஒரு கூட்டம் நடந்து முடிந்திருந்தது. அந்த ஆண்டு ஞானவெளியில் ஏகமனதாக முடிந்த ஒரே கூட்டம் அதுதான்.

கேள்வியைச் சீட்டுக் குலுக்கி எடுக்க வேண்டும். ஒரு எவர்சில்வர் டப்பாவில் சீட்டுகள் போட்டு வைத்திருந்தார்கள். ஒன்பது மட்டும் வந்துவிடக் கூடாது என்று மரியசெல்வி அந்தோணியாரை வேண்டிக்கொண்டு கையை விட்டாள். ஒன்பதுதான் வந்தது. அவள் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்ட முதல்வர் குனிந்து மெதுவாகச் சொன்னார்:

"எல்லாச் சீட்டுலயும் ஒம்பதுதாம்மா. மத்ததுக்கெல்லாம் சாமானே இல்ல. இதுக்காச்சும் அலமாரிக்குள்ள ஒண்ணு கெடக்கு."

அவள் உட்கார்ந்து நிரலை எழுதினாள். கழித்தல் குறியை முதலில் போட்டுவிட்டுத்தான் எண்ணையே எழுதினாள். சர்வர் கோப்பைச் செய்து கொடுத்தது. புது கம்ப்யூட்டரில் திறந்தபோது, எதிர்பார்த்தபடி, நடுவில் ஒரு சாம்பல் நிறக் கட்டம் மட்டும் வந்தது.

ஈஸ்வரன் உற்றுப் பார்த்தார். "பூ எங்கம்மா?"

"அந்தக் கட்டத்துக்குள்ள இருக்கு சார். ஓட்டுறதுக்கு பிளேயர் இல்ல."

"உள்ள சுத்துதா?"

"சுத்தணும் சார்."

"உள்ள சுத்துறது வெளிய தெரியணும்ல? 'நேரில் காண வேண்டும்'னு போட்டிருக்கே. சர்வீஸ் பூரா புறத்தேர்வாளராப் போறேம்மா. நடக்காததைப் பாத்ததா நான் எழுதுனதே இல்ல. நடக்காதுன்னு தெரிஞ்சா அந்தப் பக்கம் பாக்கிறதே இல்ல. ஆனா இதுல பாக்கணும்னு எழுதி வச்சிருக்கானே, நான் என்ன பண்ண?"

அலமாரி திறந்தது. ஆண்டிச்சாமி மாலையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பழைய கம்ப்யூட்டரை மேஜையில் வைத்தார். கோப்பை ஏற்றினார்கள். உறுமலோடு திரை வெளுத்தது. பூ வந்தது. பூ வலப்பக்கமாக லேசாகத் தலையைச் சாய்த்தது. அப்படியே நின்றுவிட்டது. சுட்டி நகரவில்லை, எந்தப் பொத்தானும் வேலை செய்யவில்லை.

"சுத்த ஆரம்பிச்சுச்சு சார், பாத்தீங்கல்ல?" என்றாள் மரியசெல்வி.

முதல்வர் மெக்கானிக்கல் துறையிலிருந்து ஒரு கோணமானியை வரவழைத்தார். திரையில் வைத்து அளந்தார்கள். முழுச் சுற்றுக்கு முழு மதிப்பெண் என்றால் இந்தச் சாய்வுக்கு எவ்வளவு என்று ஈஸ்வரன் கணக்குப் போட்டார். ஒரு மதிப்பெண்கூடத் தேறவில்லை.

இந்தச் சமயத்தில்தான் பறக்கும் படை வந்தது. பறக்கும் படை என்பது பல்கலைக்கழகத்திலிருந்து காரில் வரும் ஓர் அம்மாள். பெயர் குர்ஷித் பேகம். முப்பது நாற்காலியையும், ஒரு பெண்ணையும், அவளைச் சுற்றிக் கோணமானியோடு நிற்கும் மூன்று ஆண்களையும் அவர் வாசலிலேயே நின்று ஒரு பார்வை பார்த்தார்.

"பிட்டு எங்க?"

"ஒரே ஒரு புள்ளதான் மேடம். யாரைப் பாத்து எழுதும்?" என்றார் முதல்வர்.

"அதை நீங்க கேக்கக் கூடாது சார். கண்டுபிடிக்கத்தான் எங்களுக்குக் காரு குடுத்திருக்கு. போன மாசம் ஒரு காலேஜ்ல ஆளே இல்லாத ஹால்ல பதினோரு பேரைப் புடிச்சேன்." மரியசெல்வியின் உள்ளங்கை, தண்ணீர் பாட்டிலின் லேபிள், துப்பட்டா முனை எல்லாவற்றையும் சோதித்தார். ஒன்றும் கிடைக்காத வருத்தம் அவர் முகத்தில் தெரிந்தது. பிறகு விஷயத்தைக் கேட்டார். விதிப் புத்தகத்தை வாங்கி உரக்கப் படித்தார். "'பொருள் சுற்றுவதைப் புறத்தேர்வாளர் நேரில் காண வேண்டும்.' அவ்வளவுதான். இவரு காணணும். காணலைன்னா பெயில் போட்டுட்டுக் கிளம்புங்க. எனக்குப் பழனியில இன்னொரு ஹால் இருக்கு."

மரியசெல்வி அவர் முன்னால் போய் நின்றாள். "மேடம், இது போச்சுன்னா என் வேலையும் போயிரும் மேடம். கம்ப்யூட்டர் நின்னா நான் என்ன செய்வேன்? நிரல் சரியாத்தான் இருக்கு. படிச்சுப் பாருங்க."

"படிச்சுப் பாக்கச் சொல்லி விதியில இல்லையேம்மா," என்றார் ஈஸ்வரன், உண்மையான வருத்தத்தோடு.

பொன்னழகு மட்டும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய கல்லூரியின் தேர்ச்சி விகிதம் அந்த அறையில் ஒன்று பூஜ்யம், அல்லது நூறு. நடுவில் ஒன்றும் கிடையாது. திடீரென்று நெற்றியில் தட்டிக்கொண்டார்.

"சார், நான் சனிக்கிழமை தவறாம நவக்கிரகம் சுத்துறவன். நவக்கிரகமா சுத்துது? நாமதான் சுத்துறோம். பலன் வருதுல்ல? பூ சுத்தலைன்னா என்ன, நாம சுத்துவோம். பாக்கிறவனுக்கு எல்லாம் ஒண்ணுதான். இதுல அறிவியலே இருக்கு சார்."

குர்ஷித் பேகம் விதியை இன்னொரு முறை படித்தார். யார் அசைய வேண்டும் என்று அதில் சொல்லவில்லை. "ஆட்சேபம் இல்ல," என்றார்.

கம்ப்யூட்டரை மேஜையிலிருந்து தரைக்கு இறக்கி, பூ மேலே பார்க்கும்படி அதன் திரையை மல்லாத்தி வைத்தார்கள். ஈஸ்வரன் செருப்பைக் கழற்றிவிட்டு, குனிந்து பூவைப் பார்த்தபடியே வலம் வர ஆரம்பித்தார். பழக்க தோஷத்தில் முதல்வரும் கன்னத்தில் போட்டுக்கொண்டு பின்னால் நடந்தார். கால் சுற்றுப் போனதும் ஈஸ்வரன் நின்றுவிட்டார்.

"சார், நாம வலப்பக்கமாப் போறோம். பூ இடப்பக்கமால்ல சுத்துது!"

எல்லோரும் சுற்றிப் பார்த்தார்கள். உண்மைதான். பார்க்கிறவர் வலம் போனால் பூ அவர் கண்ணுக்கு இடம் சுற்றியது. பூ வலம் சுற்ற வேண்டும் என்றால் பார்க்கிறவர் இடம் போக வேண்டும்.

"அப்ப இடப்பக்கமாப் போங்க," என்றார் குர்ஷித் பேகம்.

ஈஸ்வரன் ஒரு அடி பின்வாங்கினார். "மேடம், இழவு வீட்டுலதான் இடப்பக்கமாச் சுத்துவாங்க. என் அம்மா ஊர்ல நல்லா இருக்கு."

"நான் வேணா சுத்துறேன். எனக்கு அந்தச் சாங்கியம் கிடையாது."

"நீங்க புறத்தேர்வாளர் இல்லையே மேடம்," என்றார் பொன்னழகு. விதி என்று வந்தால் அவர் யாரையும் விடமாட்டார்.

தரையில் கிடந்த கம்ப்யூட்டரிலிருந்து சூடான சந்தன வாசம் வர ஆரம்பித்தது. "சார், சீக்கிரம் ஆகட்டும். அமந்துரப் போகுது," என்றார் ஆண்டிச்சாமி.

கடைசியில் வழி கண்டுபிடித்ததும் பொன்னழகுதான். தன் அறையிலிருந்த சக்கரம் வைத்த சுழல் நாற்காலியை எடுத்துவரச் சொன்னார். ஈஸ்வரன் அதில் உட்காருவார். அவர் சுற்றவில்லை, அவரைச் சுற்ற வைக்கிறார்கள். தோஷம் ஏதாவது இருந்தால் தள்ளுகிறவருக்கு. ஈஸ்வரன் இதை ஏற்றுக்கொண்டு உட்கார்ந்தார். எல்லோரும் ஆண்டிச்சாமியைப் பார்த்தார்கள்.

"ஏன், நான் மட்டும் என்ன எளக்காரமா?" என்று அவர் கையைக் கட்டிக்கொண்டார். "எனக்கும் வீட்டுல ஆத்தா இருக்கு."

மரியசெல்வி துப்பட்டாவை இழுத்துச் செருகிக்கொண்டு நாற்காலியின் முதுகைப் பிடித்தாள். "நான் தள்ளுறேன் சார்."

"செய்முறைத் தேர்வுதானே, தேர்வர் செய்யுறதுதான் முறை," என்றார் குர்ஷித் பேகம்.

அவள் தள்ளினாள். ஈஸ்வரன் கனமான உடம்பு. மத்தியானம் சாப்பிட்ட பிரியாணி வேறு உள்ளே இருந்தது. ஒரு சக்கரம் கீச்சிட்டுக்கொண்டு பக்கவாட்டில் இழுத்தது. "மெல்ல, மெல்ல! இப்பச் சரியாச் சுத்துது! வலப்பக்கந்தான்!" என்று ஈஸ்வரன் நாற்காலிக் கைகளைப் பிடித்துக்கொண்டு கத்தினார். அரைச் சுற்று வந்ததும் பூ தலைகீழாக இருக்கிறதே என்று சந்தேகம் எழுப்பினார். முதல்வர் அது சுற்றுகிற பொருளின் இயல்பு என்று விளக்கினார். முக்கால் சுற்றை நெருங்கும்போது கம்ப்யூட்டர் ஒரு பெருமூச்சு விட்டு அணைந்துபோனது. திரை கறுத்தது. பூ இல்லை.

மரியசெல்வி நின்றுவிட்டாள்.

"ஏம்மா நிக்கிற?" என்றார் ஈஸ்வரன், கறுத்த திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல். "மிச்சத்தையும் தள்ளு. இம்புட்டுச் சுத்துன பூ, அதையா சுத்தாம விட்டுரும்?"

மிச்சத்தையும் தள்ளினாள். ஒன்றுமில்லாத திரையைச் சுற்றி ஒரு பேராசிரியரை அவள் தள்ளிக்கொண்டு போக, ஒரு முதல்வரும் பறக்கும் படையும் ஒரு டெக்னீசியனும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். புறப்பட்ட இடத்துக்கு வந்ததும் ஈஸ்வரன் தலைசுற்றலோடு பேனாவை வாங்கி, "பொருள் சுற்றியது. நேரில் கண்டேன்," என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். குர்ஷித் பேகம் கீழே மேலொப்பம் இட்டார்.

வாய்மொழித் தேர்வு பாக்கி இருந்தது. நாற்காலியை விட்டு எழுந்திருக்க முடியாமல் ஈஸ்வரன் அதிலிருந்தபடியே கேட்டார்: "ஒரே ஒரு கேள்விம்மா. இந்தச் செய்முறையில சுத்துனது எது?"

மரியசெல்வி அவரைப் பார்த்தாள். அவருடைய முடி கலைந்து, கண்ணாடி கோணிக்கொண்டு இருந்தது. பள்ளிக்கூடத்தில் அவள் பிள்ளைகளுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லுவது ஒன்றுதான்: திரையில் என்ன தெரிகிறதோ அதைச் சொல்லு, மனப்பாடம் பண்ணினதைச் சொல்லாதே. அவளுக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் ஜூன் மாதம் வந்துகொண்டிருந்தது.

"பூ சார்," என்றாள்.

"கரெக்ட்," என்றார் ஈஸ்வரன்.

தேறிவிட்டாள். பட்டம் வந்தது. சிஸ்டர் அவள் கையைப் பிடித்துக் கண் கலங்கி வாழ்த்திவிட்டு, சான்றிதழைப் படித்துப் பார்க்காமல் கோப்பில் வைத்துப் பூட்டினார். ஜூன் மாதம் பள்ளி திறந்தபோது பிள்ளைகள் வழக்கம்போல மணிக்கு முன்னாலேயே வந்து நின்றார்கள். நடந்ததையெல்லாம் மறந்துவிடலாம் என்று மரியசெல்வி நினைத்தாள். மறந்தும் போனாள்.

மழைக்காலம் தொடங்கிய சமயம் தெரியாத நம்பரிலிருந்து ஒரு போன் வந்தது.

"ஏனுங்க, மரியசெல்வி அக்காங்களா? நான் ஜீவிதாங்க, ஒட்டன்சத்திரத்துல இருந்து பேசறனுங்க. ஞானவெளி காலேஜ் ஆண்டிச்சாமி அண்ணன்தான் உங்க நம்பர் குடுத்தாருங்க. எனக்கு அடுத்த மாசம் பிராக்டிகலுங்க. ஒம்பதாவது செய்முறைங்க்கா. அந்தப் பூ எங்க காலேஜ்ல எந்த மெஷின்லயும் சுத்த மாட்டேங்குதுங்க."

மரியசெல்விக்கு ஒன்றும் புரியவில்லை. "அது பழைய பாடத்திட்டமாச்சேம்மா? உனக்கு எப்படி வந்துச்சு?"

"அதை எடுக்கத்தானுங்க இருந்தாங்களாம். எந்தக் காலேஜ்லயும் ஓடறதில்லைன்னு குழு கூடி முடிவு பண்ணியே போட்டாங்களாம். அப்பத்தானுங்க திண்டுக்கல்லுல ஒரு அக்கா சுத்த வச்சிருக்காங்க, புறத்தேர்வாளரே நேர்ல கண்டேன்னு எழுதியிருக்காரு, பறக்கும் படையும் கையெழுத்துப் போட்டிருக்குதுன்னு ரிப்போர்ட் வந்துச்சாமுங்க. ஓடற செய்முறையை எதுக்கு எடுக்கோணும்னு, புதுப் பாடத்திட்டத்துலயும் வச்சுட்டாங்க. எல்லாக் காலேஜுக்கும் கட்டாயமுங்க. இதுல போச்சுன்னா எங்கப்பா படிப்பை நிறுத்திப் போட்டுருவாருங்க. நீங்க எப்படிங்க்கா சுத்த வச்சீங்க? எந்த லைப்ரரி போட்டீங்க?"

மரியசெல்வி போனை மறு காதுக்கு மாற்றினாள். "பூ சார்" என்று தான் சொன்ன இரண்டு வார்த்தை எத்தனை ஆய்வுக்கூடத்தில் எத்தனை பிள்ளைகள் தலையில் விழுந்திருக்கிறது என்று நினைத்துப் பார்த்தாள். நடந்தது எல்லாம் பொய் என்று எழுதிப் போட்டுவிடலாம். போட்டால் முதலில் போவது அவளுடைய பட்டம். பிறகு வேலை. பூ அப்போதும் பாடத்திட்டத்தில்தான் இருக்கும். சர்க்குலர் வரும்வரை அது சுற்றிக்கொண்டுதான் இருக்கும்.

"ஜீவிதா," என்றாள் கடைசியில். "உங்க காலேஜ்ல சக்கரம் வச்ச சுழல் நாற்காலி இருக்கா?"

"ஒண்ணே ஒண்ணு இருக்குதுங்க அக்கா. ஆனா அதுல எந்நேரமும் எங்க பிரின்சிபால் உக்காந்தே இருப்பாருங்களே?"

"அப்பப் பாதி வேல முடிஞ்சிருச்சும்மா," என்றாள் மரியசெல்வி. "மிச்சப் பாதி, புறத்தேர்வாளர் உக்காரணும்னு சொல்லி அவரை எழுப்புறதுதான்."